கடலுக்குள் கேமரா: ஒரு தலைமுடி போதும், எல்லாம் காலி!

அந்தமானின் ஹேவ்லாக் தீவில், கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கிவிடக்கூடிய ஓர் இடம் நீமோ ரீஃப். ஆறு மீட்டர் ஆழத்தில் ஒரு கடல்சாமந்தி. அதன் விரல்களுக்கு நடுவே உள்ளே வெளியே ஆடிக்கொண்டிருந்தன கோமாளி மீன்கள். நான் கேமராவை நீட்டி, ஒன்றன்பின் ஒன்றாக க்ளிக் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் மிதந்த பயிற்சியாளர் என் தோளைத் தட்டினார். ஏதோ புது மீனைக் காட்டப்போகிறார் என்று திரும்பினேன். அவர் விரல் நீட்டியது என் கையில் இருந்த பெட்டியை நோக்கி. உள்ளே இருப்பது தெரியும் அந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள், கொத்தனாரின் ரசமட்டக் குமிழி மாதிரி, ஒரு நீர்க்கோடு இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது.

கரைக்கு வந்து திறந்தபோது உள்ளே இரண்டு ஸ்பூன் கடல்தண்ணீர்தான் இருந்தது. கேமராவைக் கொல்ல அது போதும். மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் மேல், குறுக்காக, ஒரு தலைமுடி படிந்திருந்தது. இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், பாதி நரை. சந்தேகமே இல்லை, என்னுடையதுதான்.

“அண்ணாச்சி, மீனு எங்கயும் ஓடிப் போவாது. பெட்டிய மூடும்போது ஒரு நிமிசம் பாக்க வேண்டாமா?” என்றார் பயிற்சியாளர். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். என் வயதில் பாதிதான். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது அந்தமானுக்குக் குடும்பத்தோடு டூர் போகிறவர்கள் ஸ்கூபா டைவிங்கையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். புதுச்சேரியிலும் கோவளத்திலும் முறையாகக் கற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கற்றுக்கொண்ட மறுவாரமே எனக்கு போன் வரும்: “கடலுக்குள்ள படம் எடுக்க என்ன கேமரா வாங்கலாம்?” நான் கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு அந்த ரப்பர் வளையத்தைப் பற்றித்தான் பேசுவேன். போனில் இருப்பவர் கொஞ்சம் ஏமாந்துபோவார்.

உங்கள் வீட்டு குக்கரில் இருப்பதுதான்

நீருக்கடியில் கேமராவைப் பாதுகாக்கும் இந்தப் பெட்டிக்கு ஹவுஸிங் என்று பெயர். சட்டைப்பையில் வைக்கும் சிறிய காம்பாக்ட் கேமராக்களுக்கு, பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் அச்சுப்போட்டதுபோலச் செய்வார்கள். கேமராவின் ஒவ்வொரு பட்டனுக்கும் நேராகப் பெட்டியிலும் ஒரு பட்டன். வெளியே அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பி கேமராவின் பட்டனை அழுத்தும். முன்னால் லென்ஸுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல், பின்னால் ஒரு கதவு. கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்.

குக்கர் மூடியில் காஸ்கெட் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலைதான் இதற்கும். காஸ்கெட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி கசியும், பார்த்திருப்பீர்கள். இங்கே பருக்கைக்குப் பதில் மணல், முடி, டவல் நூல், உலர்ந்த உப்பு. குக்கரில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். கடலில் வெளியிலிருந்து உள்ளே அழுத்தும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த அழுத்தம் எவ்வளவு? கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் ஒரு கிலோ. ஹவுஸிங்கின் கதவு 10-க்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் ஆழத்தில் அந்தக் கதவை மட்டும் சுமார் 300 கிலோ அழுத்திக்கொண்டிருக்கும். பன்னிரண்டு அரிசிச் சிப்பத்தை அடுக்கி வைத்ததுபோல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆழம் கூடக் கூட அந்த 300 கிலோவே கதவை வளையத்தின் மேல் இன்னும் இறுக்கி மூடிவிடுகிறது. அதனால் சரியாக மூடாத பெட்டி பெரும்பாலும் ஆழத்தில் போய்க் கசிவதில்லை. முதல் ஒரு மீட்டரிலேயே, அல்லது படகில் கேமராக்களைப் போட்டுவைக்கும் நன்னீர்த் தொட்டியிலேயே கசிய ஆரம்பித்துவிடும். எனக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். தண்ணீருக்குள் இறங்கியதும் அரை நிமிடம் நின்று, பெட்டியைத் திருப்பித் திருப்பிக் குமிழி வருகிறதா, உள்ளே ஈரம் தெரிகிறதா என்று பார்த்திருந்தால் கேமரா பிழைத்திருக்கும். நான் மீனைப் பார்த்தேன்.

கேமராவைப் பெட்டியில் அடைத்துக் கடலில் இறக்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. 1893-லேயே லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு உயிரியலாளர், தன் சகோதரரின் உதவியோடு, நீர்புகாத உலோகப் பெட்டி ஒன்றைச் செய்து மத்தியதரைக் கடலில் இறக்கினார். வெளிச்சம் போதாமல் ஒரே படத்துக்கு அரைமணி நேரம்வரை காத்திருக்க வேண்டியிருந்ததாம். 1926-ல் லாங்லி, மார்ட்டின் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஃபுளோரிடா கடலில் முதல் கலர் படம் எடுத்தார்கள். வெளிச்சத்துக்கு, தண்ணீர் மேல் மிதந்த தெப்பத்தில் மக்னீசியப் பொடியை வெடிக்கவைத்தார்கள். ஒரு மீன் படத்துக்காக! இன்று நாம் கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்துகிறோம். ஆனால் பூத்தானின் பெட்டிக்கு இருந்த பிரச்னைதான் நம் பெட்டிக்கும்: உள்ளே தண்ணீர் வரக் கூடாது.

பத்து நிமிட வேலை

ஓ-ரிங் பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. ஆனால் அவசரமாகச் செய்யவே கூடாது. படகில், காற்றில், ஈரக் கையோடு, பக்கத்தில் ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது செய்தால் என் கதைதான் உங்களுக்கும்.

முதல்நாள் இரவே அறையில் உட்கார்ந்துவிடுங்கள். கையைக் கழுவித் துடையுங்கள். வளையத்தை நகத்தாலோ ஊசியாலோ கிளப்பாமல், பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் கொக்கியால் எடுங்கள். அது இல்லையென்றால் பழைய ஏ.டி.எம் கார்டின் மூலை நன்றாக வேலை செய்யும். வளையத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே மெதுவாக உருவிக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல்கூட விரலுக்குத் தெரியும். வெட்டு, தட்டையான இடம் ஏதாவது இருந்தால் இரக்கம் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுங்கள். வளையம் உட்காரும் பள்ளத்தையும் துடைக்க வேண்டும். பஞ்சு வேண்டாம், நூல் விடும். கண்ணாடி துடைக்கும் துணி சரியாக இருக்கும்.

பிறகு கிரீஸ். இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். கிரீஸ் என்பது தண்ணீரைத் தடுக்கும் பசை என்று நினைத்து அப்பிவிடுகிறார்கள். தடுப்பது ரப்பர்தான். கிரீஸ், அந்த ரப்பர் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காருவதற்கு மட்டுமே. வளையம் லேசாகப் பளபளத்தால் போதும். அதிகமாகப் போட்டால் அதுவே மணலையும் முடியையும் கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். பெட்டியோடு தரும் கிரீஸைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். சில பெட்டிகளின் வளையம் சிலிக்கோனால் ஆனது. அதில் போய் சிலிக்கோன் கிரீஸைத் தடவினால் வளையம் ஊறிப் பெருத்துவிடும். வாஸ்லின், தேங்காய் எண்ணெய் வைத்தியமெல்லாம் இங்கே வேண்டவே வேண்டாம்.

கேமராவை உள்ளே வைக்கும் முன் கழுத்துக் கயிறைக் கழற்றிவிடுங்கள். கதவிடுக்கில் கயிறு மாட்டிக்கொண்டு பெட்டி நிறைந்த கதைகள் ஏராளம். பேட்டரியும் மெமரி கார்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், கார்டு இல்லாமல் 18 மீட்டர் இறங்கியவர்களை எனக்குத் தெரியும். ஒரு சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும், வளையத்தில் படாமல், உள்ளே செருகுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்றை அடைத்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீருக்குள் போனால், கண்ணாடி ஜன்னலின் உட்பக்கம் பனி படிந்து, படமெல்லாம் மார்கழி விடியல்போல வரும். அதனால்தான் ஏ.சி அறையில் வைத்து மூடுவது நல்லது என்கிறார்கள். மூடிய பெட்டியை வெயிலில் வைக்கவே கூடாது.

புது ஹவுஸிங் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் டைவில் கேமராவை வைக்காதீர்கள். உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மட்டும் மடித்து வைத்து, கீழே கொண்டுபோய் எல்லா பட்டனையும் அழுத்திப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். பேப்பர் நனையவில்லை என்றால் மறுநாள் கேமரா போகலாம். காலிப் பெட்டி மிதக்கும். அதனால் சின்ன எடை ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

விமானத்தில் போகும்போது பெட்டியை இறுக மூடி எடுத்துப்போகாதீர்கள். மேலே போனால் காற்றழுத்தம் மாறும், வளையத்துக்கும் பூட்டுக்கும் அது வீண் சிரமம். வளையத்தைத் தனியாக ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் தண்ணீர் புகுந்தால்? முதலில் பதறி மேலே பாயாதீர்கள். அது கேமரா, நீங்கள் நுரையீரல் உள்ள மனிதர். தண்ணீர் ஒரு மூலையில் தேங்கும்படி பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வழக்கமான வேகத்தில் ஏறுங்கள். மேலே வந்ததும் கேமராவை அணைத்து, பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிடுங்கள். உப்புநீர் பட்ட லித்தியம் பேட்டரி சூடாகலாம், புகையவும் செய்யலாம். அதைப் பைக்குள் போட்டு மூடிவைக்கக் கூடாது, திரும்பப் பயன்படுத்தவும் கூடாது. மெமரி கார்டை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். என் கார்டு பிழைத்தது. கடைசி ஆறு படங்களில் கோமாளி மீன்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் மறைவதை இப்போதும் பார்க்கலாம்.

போனையே போட்டால் என்ன?

இதுதான் இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி. கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் பை கடற்கரைக்கும் நீச்சல் குளத்துக்கும் சரி. டைவிங்குக்கு ஆகாது. போனின் ‘வாட்டர்ப்ரூஃப்’ கணக்கு, அசையாத நல்ல தண்ணீரில், சில மீட்டர் ஆழத்துக்கு மட்டும் சோதித்தது. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரன்டியும் பொதுவாகக் கிடையாது. போனுக்கென்றே 40 மீட்டர் தாங்கும் நல்ல ஹவுஸிங்குகள் வந்துவிட்டன. படங்களும் நன்றாகவே வருகின்றன. ஆனால் யோசித்துப் பாருங்கள். கேமரா மூழ்கினால் கேமரா மட்டும்தான் போகும். போன் மூழ்கினால் வங்கி, டிக்கெட், ஓ.டி.பி, ஹோட்டல் பெயர், மனைவியின் நம்பர் எல்லாம் போகும். தீவில் நின்றுகொண்டு முழிக்க வேண்டும்.

என் வாக்கு, தண்ணீரைத் தானே தாங்கும் சின்ன கேமராவுக்கும் அதற்கான ஹவுஸிங்குக்கும்தான். உதாரணத்துக்கு ஒலிம்பஸ் டிஜி-6. 2019-ல் வந்தது. அதே வரிசையில் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் டிஜி-7 இப்போது கிடைக்கிறது. வெறும் கேமராவே 15 மீட்டர் தாங்கும். ‘அப்புறம் எதற்கு ஹவுஸிங்?’ என்று கேட்கலாம். ஸ்கூபாவின் அடிப்படைச் சான்றிதழான ஓப்பன் வாட்டரில் 18 மீட்டர்வரை போகலாம், அடுத்த படியில் 30 மீட்டர். 15 மீட்டர் கேமராவோடு 18 மீட்டரில் இருக்கும் கடல்குதிரையைப் பார்த்து ஏங்கத்தான் முடியும். இதற்கான ஹவுஸிங் 45 மீட்டர்வரை தாங்கும். முக்கியமான லாபம் வேறு. பெட்டி கசிந்தாலும் உள்ளே இருப்பது தண்ணீருக்குத் தயாரான கேமரா. ஆழம் குறைவென்றால் தப்பித்துவிடும். பெட்டிக்குள் இருக்கும்போதும் கேமராவின் சொந்த மூடிகளைப் பூட்டி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் கேமராவைப் பறிகொடுத்தவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

படத்தின் தரம்தான் முக்கியம் என்பவர்கள் சோனி ஆர்எக்ஸ்100, கேனான் ஜி7 எக்ஸ் மாதிரி பெரிய சென்ஸார் உள்ளவற்றுக்குப் போகிறார்கள். படம் நிச்சயம் மேலானது. ஆனால் அவை தண்ணீர் பட்டால் செத்துவிடும். எதுவானாலும் கேமராவையும் ஹவுஸிங்கையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு மாடலின் பெட்டி இன்னொரு மாடலுக்குப் பொருந்தாது. கேமரா பழசானதும் அதற்கான பெட்டியைக் கடையில் தேட வேண்டியிருக்கும். பெட்டியின் விலையும் சாதாரணமில்லை, சில நேரம் கேமரா விலையை எட்டிப் பிடிக்கும்.

சிவப்பு எங்கே போச்சு?

முதல் டைவ் படங்களைப் பார்த்து எல்லோரும் கேட்பது: “நேர்ல கலரா இருந்துச்சே, படத்துல ஏன் ஒரே நீலமா இருக்கு?” தண்ணீர் வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. முதலில் சிவப்பு. ஐந்தாறு மீட்டரிலேயே மங்கத் தொடங்கிவிடும். பிறகு ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். 20 மீட்டரில் விரலில் கீறல் பட்டு ரத்தம் வந்தால் அது பச்சையாகத் தெரியும். முதல்தடவை பார்ப்பவர்கள் அரண்டுபோவார்கள். நம் மூளை கொஞ்சம் சரிக்கட்டிக்கொள்ளும், கேமரா உள்ளதை உள்ளபடி காட்டிவிடும்.

கேமராவில் நீருக்கடி மோட் இருந்தால் அதைப் போடுங்கள். அது ஒயிட் பேலன்ஸை மாற்றிச் சிவப்பை ஓரளவு மீட்கும். ‘ரா’ ஃபைலாக எடுத்தால் பிறகு கணினியில் திருத்த வசதி. பெட்டியின் முன்னால் மாட்டும் சிவப்பு ஃபில்டர், சூரிய வெளிச்சத்தில் ஐந்து முதல் 15 மீட்டர்வரை உதவும். ஃப்ளாஷோடு சேர்த்துப் போட்டால் படமே செக்கச்செவேல் என்றாகிவிடும்.

கேமராவின் சொந்த ஃப்ளாஷில் ஒரு தொல்லை. அது லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளிலும் பட்டுத் திரும்பிவரும். மூடுபனியில் ஹை பீம் போட்டு ஏற்காடு மலை ஏறினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. இதற்காகத்தான் பெரியவர்கள் இரண்டு பக்கமும் நண்டுக்கால் மாதிரி கை நீட்டி ஸ்ட்ரோப் விளக்கு வைக்கிறார்கள். ஆரம்பத்தில் அதெல்லாம் வேண்டாம். ஒரு நல்ல டார்ச் போதும். பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். சாம்பல் நிறத்தில் நின்ற மீன் சட்டென்று குங்குமமாக மாறுவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்கே அந்த டார்ச் வாங்கலாம்.

மற்ற எந்தத் தந்திரத்தையும்விட ஒன்று முக்கியம்: கிட்டே போவது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர்தான் எதிரி. ஜூம் செய்தால் அந்தத் தண்ணீர் குறைவதில்லை. தட்டையான கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஒரு மீட்டரில் இருப்பது முக்கால் மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும், எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். அதனால் ‘இது போதும்’ என்று நினைக்கும் இடத்திலிருந்து இன்னும் பாதி தூரம் போக வேண்டும். மேலிருந்து மீனின் முதுகை எடுக்காமல், தாழ இறங்கி அதன் கண்மட்டத்தில் எடுங்கள். மீனைத் துரத்தினால் வால்தான் படத்தில் வரும். கோமாளி மீன் தன் சாமந்தியை விட்டுப் போகாது. அசையாமல் காத்திருந்தால் அதுவே வந்து உங்களை விரட்டப் பார்க்கும்.

கிட்டே போவதில்தான் ஆபத்தும் ஆரம்பிக்கிறது.

40 பார்

இரண்டாவது கேமரா வாங்கி, வளையத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அதே தீவு, அதே பயிற்சியாளர். 18 மீட்டர் ஆழம். ஒரு சாமந்தியின் மடிப்புக்குள் பீங்கான் நண்டு. விரல் நகம் அளவுதான். வெள்ளை உடம்பில் சிவப்புப் புள்ளிகள். இரண்டு விசிறிகளை மாற்றி மாற்றி வீசித் தண்ணீரிலிருந்து இரை பிடித்துக்கொண்டிருந்தது. விசிறி விரிந்திருக்கும் நொடியில் எடுக்க வேண்டும். எடுத்தேன், ஆடிவிட்டது. மறுபடி எடுத்தேன், சுருக்கிக்கொண்டது. கை ஆடாமல் இருக்க ஒவ்வொரு க்ளிக்குக்கும் மூச்சை அடக்கினேன். எத்தனை எடுத்தேன் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன், 63.

தலைநிமிர்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. சிலிண்டரில் 100 பார் ஆனதும் சைகை காட்ட வேண்டும், 50 பார் மிச்சத்தோடு நீர்மட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. என் கேஜில் ஊசி சிவப்புப் பகுதிக்குள் நின்றது. 40. அந்த ஆழத்தில் என் மூச்சுக்கு நிமிடத்துக்கு ஐந்து பார் போகும். அதாவது எட்டு நிமிடம். பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும், எட்டு ஐந்தாகும்.

பத்து மீட்டர் தள்ளி, மங்கலாக, பயிற்சியாளர் தன் சிலிண்டரை உலோகக் குச்சியால் தட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததில் அந்த இடைவெளி விழுந்திருந்தது. என் கேஜைப் பார்த்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக ஏறினோம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடம் முழுக்க என் கேஜை அவர் கையில்தான் வைத்திருந்தார். படகைத் தொடும்போது 20 பார்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மூணு தடவ தட்டுனேன். காதுல விழலியா அண்ணாச்சி?”

விழவில்லை.

“எங்க தாத்தா சங்கு குளிச்சவரு. இன்னும் ஒரே ஒரு சங்குன்னு கைய நீட்டுனதுலதான் அவரு தம்பி போனாரு.” கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். “அடுத்த ரெண்டு டைவ்வுக்கு இந்தப் பெட்டி எங்கிட்ட இருக்கட்டும்.”

கொடுத்துவிட்டேன்.

காற்று தீர்வது ஒரு பக்கம். மூச்சை அடக்கியது அதைவிட மோசம். ஸ்கூபாவில் முதல்நாள் சொல்லித்தரும் முதல் விதி, எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதே என்பதுதான். 10 மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்கு வந்தால் நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கியபடி ஓரிரு மீட்டர் மேலே மிதந்துபோனால்கூட நுரையீரல் கிழியலாம். நிறைய காற்றை இழுத்து அடக்கினால் உடம்பு தானாகவே மேலே கிளம்பும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். படம் எடுப்பவர் இதைச் செய்கிறோம் என்று தெரியாமலே செய்வார். இப்போது நான் மெதுவாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே பட்டனை அழுத்துகிறேன். ஐந்து படத்துக்கு ஒருமுறை கேஜ், பிறகு கூட வந்தவர் எங்கே என்று ஒரு பார்வை.

அதனால்தான் பல டைவிங் மையங்கள் முதல்முறை வருபவர்கள் கையில் கேமரா கொடுப்பதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீருக்குள் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் ஒரே இடத்தில் நிற்பதற்கே இருபது முப்பது டைவ் பழக வேண்டும். அது வராமல் கேமராவைப் பிடித்தால், நிலைகொள்ள ஒரு கை தானாகவே பவளப்பாறையைப் பிடிக்கும், துடுப்பு பின்னால் எதையோ உடைக்கும். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். நாம் முழங்காலை ஊன்றி உடைப்பது நம் தாத்தா காலத்து வளர்ச்சியாக இருக்கும். இந்தியாவில் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. படத்துக்காகக் கடல்குதிரையைக் குச்சியால் நகர்த்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களோடு அடுத்த முறை நான் போகவில்லை.

பீங்கான் நண்டின் அந்த 63 படத்தில் தேறியது ஒன்று. அதிலும் ஒரு விசிறி ஃபோகஸில் இல்லை.

டைவ் முடிந்ததும் ஹவுஸிங்கைத் திறக்க அவசரப்படாதீர்கள். உப்பு காய்ந்தால் பட்டன் இடுக்குகளில் கல்லாகிவிடும். மூடியபடியே ஒரு வாளி நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். நடுநடுவே எல்லா பட்டனையும் பத்துப் பத்து தடவை அழுத்திவிடுங்கள். படகின் பொதுத்தொட்டியில் மற்றவர் கேமராக்களோடு முட்டிமோத விட்டுவிட்டு வராதீர்கள். துடைத்து, சொட்டும் தண்ணீர் கேமரா மேல் விழாதபடி பிடித்துத் திறவுங்கள்.

நான் இப்போது பெட்டியை மூடுவது விடிகாலை ஐந்து மணிக்கு, அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு. போனமுறை கதவைத் தட்டிக் கூப்பிட வந்த பயிற்சியாளர் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, பிரியாணி மாஸ்டர் மாதிரி இருக்கீய!”

“முடி விழுந்திடும்ல தம்பி” என்றேன். உள்ளே வந்து, டார்ச் அடித்து, வளையத்தை ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு, “மூடுங்க” என்றார்.